பின்னால் வரிசை சேர்ந்தால் மஞ்சள் கோட்டைத் தாண்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 69. டோங்காட்டில் இருக்கிறோம். மாதத்தில் இரண்டு முறை ஆர்614 சாலை வழியாகப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் வருவோம். என் மனைவிக்கு முதுகில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து குலுக்கல் ஆகாது. அதனால் நான் 65, 70க்கு மேல் ஓட்டுவதில்லை. பின்னால் ஐந்தாறு வண்டிகள் சேர்ந்துவிடும். விளக்கை அடித்துக் காட்டுவார்கள், ஹூட்டர் அடிப்பார்கள். போன மாதம், பிற்பகல் மூன்று மணி இருக்கும், ஒரு பக்கி (பின்னால் திறந்த சரக்குத் தட்டு உள்ள சிறு வண்டி) மேட்டில் ஏறும்போதே சாலை நடுவில் உள்ள முழுக்கோட்டைத் தாண்டி என்னை ஓவர்டேக் செய்தது. எதிரே கரும்பு லாரி வந்துவிட்டது. நான் சாலையின் இடது ஓரத்து மஞ்சள் கோட்டுக்கு வெளியே இறங்கியதால் அவன் உள்ளே புகுந்து தப்பினான். என் மனைவி அன்று முழுவதும் பேசவே இல்லை. என் மகனோ, "நீங்கள் மெதுவாகப் போவதே குற்றம் அப்பா. மஞ்சள் கோட்டுக்கு வெளியிலேயே ஓட்டுங்கள்" என்கிறான். அவன் சொல்வது சரியா? திரும்பி வரும்போது இருட்டிவிடுகிறது. எதிர் விளக்கு கண்ணைக் கூசுவதால் இன்னும் மெதுவாகத்தான் வருகிறேன்.
வாசகர், டோங்காட்

பதில்: ஐயா, முதலில் உங்கள் வீட்டு அம்மாவிடம் சொல்லுங்கள், அன்று நீங்கள் செய்தது சரி. பகல் நேரத்தில், ஓவர்டேக் செய்யப்படும் அந்தக் கணத்தில், மஞ்சள் கோட்டைத் தாண்டி இறங்க நம் தென்னாப்பிரிக்கச் சட்டம் உங்களுக்கு அனுமதி தருகிறது. முகட்டுக்கு அருகே, எதிரே என்ன வருகிறது என்று தெரியாத இடத்தில், முழுக்கோட்டைத் தாண்டியது அந்தப் பக்கி ஓட்டியவரின் குற்றம். நீங்கள் 70ல் போனதால் அந்தக் குற்றம் உங்கள் தலைக்கு வந்துவிடாது.

ஆனாலும் உங்கள் மகன் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் என்னால் முடியவில்லை. அவர் சொன்னதில் பாதி தவறு, கால்வாசி ஆபத்து, மீதியில் நியாயம் இருக்கிறது. இருபத்தெட்டு வருடமாக இந்த மாகாணத்துச் சாலைகளில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். உங்களுடையதைப் போல ஒரு கேள்வி வந்தால் விரிவாகப் பதில் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது.

நகரத்துக்கு வெளியே, ஃப்ரீவே அல்லாத சாலையில், பொதுவான வேக வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர். அதற்கு மேல் போகக் கூடாது என்பதுதான் பொருள். அந்த வேகத்தில் போயே ஆக வேண்டும் என்று இல்லை. 9,000 கிலோவுக்கு மேல் மொத்த எடை அனுமதிக்கப்பட்ட சரக்கு வண்டிகளுக்கு எங்கே போனாலும் 80தான் வரம்பு. அப்படியிருக்க, 70ல் போகும் கார் ஒன்றைச் சட்டம் குற்றவாளி என்று பிடித்துவிடாது. குறைந்தபட்ச வேகம் என்று ஒன்று இருக்க வேண்டுமானால் அதற்கு நீல வட்டப் பலகை வைத்திருப்பார்கள். ஆர்614ல் நான் போய் வந்த வரையில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

அப்புறம் நியாயம் எங்கே இருக்கிறது என்றால், வேறு இரண்டு இடத்தில். 1996ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், சாலையில் போகிற மற்றவர்களை எண்ணிப் பார்க்காமல் ஓட்டுவதைத் தனிக் குற்றமாக 64ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. அதன் கீழ் 2000ஆம் ஆண்டில் வந்த விதிகள், தேவையில்லாமல் போக்குவரத்தைத் தடுக்கவோ மறிக்கவோ கூடாது என்கின்றன. மெதுவாகப் போவது வேறு, பின்னால் பத்து வண்டி திணறுவதைக் கண்ணாடியில் பார்த்தும் பார்க்காதது போலப் போவது வேறு. முதலாவதற்கு உங்களிடம் நல்ல காரணம் இருக்கிறது. இரண்டாவதற்கு யாரிடமும் காரணம் இருக்க முடியாது.

எத்தனை வண்டி சேர்ந்தால் ஒதுங்க வேண்டும் என்று நம் விதிகளில் எண் எதுவும் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஐந்து என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் மகன் அதை எங்காவது படித்திருக்கலாம். இங்கே அது செல்லாது. என்னிடம் கற்றவர்களுக்கு நான் சொல்லும் எண்ணிக்கை மூன்று. மூன்றாவது வண்டி வந்து சேர்ந்ததும் ஒதுங்க இடம் தேடத் தொடங்குங்கள். ஏனென்றால் நான்காவது, ஐந்தாவது இடத்தில் நிற்பவருக்கு உங்களைத் தெரியவே தெரியாது. முன்னால் உள்ளவர்கள் ஓவர்டேக் செய்யத் தெரியாதவர்கள் என்று நினைத்து, மொத்த வரிசையையும் ஒரே பாய்ச்சலில் தாண்டப் பார்ப்பார். அன்று உங்களிடம் வந்த பக்கி ஓட்டியவரும் அப்படிப் பின்னாலிருந்து வந்தவராகவே இருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, மஞ்சள் கோட்டுக்கு வருவோம். நான் மிகவும் கவலைப்படும் இடம் இதுதான்.

விதி 298, ஒருவர் உங்களை ஓவர்டேக் செய்ய விரும்புகிறார் என்று தெரிந்ததும் நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு என்று சொல்கிறது. ஆபத்து இல்லாமல் முடிந்த அளவு ஓடுபாதையின், அதாவது சாலையில் வண்டிகள் ஓடும் பகுதியின், இடது விளிம்புக்கு நெருங்க வேண்டும். அவர் தாண்டிப் போகும் வரை உங்கள் வேகத்தைக் கூட்டக் கூடாது. இதில் ஓடுபாதையின் விளிம்பு என்பது மஞ்சள் கோடேதான். அதாவது, கோட்டை ஒட்டிப் போவது உங்கள் கடமை, கோட்டைத் தாண்டி வெளியே போவது கடமையில் சேராது. பின்னால் எவ்வளவு ஹூட்டர் அடித்தாலும் உங்களை வெளியே தள்ள யாருக்கும் உரிமை இல்லை.

வெளியே போவதைப் பற்றிப் பேசுவது விதி 298ஏ. அது முதலில் அந்த ஓரத்தில் ஓட்டவே கூடாது என்றுதான் தொடங்குகிறது. பிறகு ஒரு விலக்கு தருகிறது. பக்கத்துக்கு ஒரு லேன் மட்டும் உள்ள சாலையாக இருக்க வேண்டும். சூரியன் உதித்ததற்கும் மறைவதற்கும் நடுவே இருக்க வேண்டும். உங்களை ஒருவர் ஓவர்டேக் செய்துகொண்டிருக்க வேண்டும். குறைந்தது 150 மீட்டர் தூரத்தில் ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரிய வேண்டும். யாருக்கும் ஆபத்து இருக்கக் கூடாது. இவ்வளவும் சேர்ந்தால் இறங்கலாம், அதுவும் ஓவர்டேக் முடியும் வரைதான். ஆக, "வெளியிலேயே ஓட்டுங்கள்" என்று மகன் சொன்னது விதிக்கு நேர் எதிரானது.

அந்த விதி ஏன் அவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று ஆர்614ல் போகிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் விட்டுச் சீருடையோடு பிள்ளைகள் நடப்பது அந்த ஓரத்தில்தான். டாக்ஸி சட்டென்று நிற்பதும் அங்கேதான். பழுதான வண்டி முக்கோணப் பலகைகூட இல்லாமல் கிடப்பதும் அங்கேதான். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஆலை ஓடும் காலத்தில் லாரியிலிருந்து சரிந்த கரும்புக் கழிகளும் அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கும். பல இடங்களில் தாரின் ஓரம் கடித்துப் போட்ட ரொட்டி மாதிரி உடைந்திருக்கும். இடது சக்கரம் அதில் இறங்கிவிட்டால் பதறி ஸ்டீயரிங்கை வலது பக்கம் இழுக்காதீர்கள். அப்படி இழுத்தால் சக்கரம் தாரின் விளிம்பில் சிக்கி, பிறகு துள்ளி ஏறி, வண்டியை எதிர் லேனுக்கே கொண்டுபோய் விட்டுவிடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் நன்றாகக் குறைந்த பிறகு மெல்ல ஏறுங்கள்.

இப்போது அந்த இரண்டாவது கடமை, வேகத்தைக் கூட்டாதது. இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகப் பேசப் போகிறேன். இளம் வயதில் இதில் நானே தவறியிருக்கிறேன்.

எனக்கு அப்போது 23 வயது. அப்பாவின் காரில் உம்சிண்டோ பக்கம் போய்க்கொண்டிருந்தேன். ஒருவர் என்னை ஓவர்டேக் செய்ய வெளியே வந்தார். பக்கத்தில் ஒரு வண்டி வந்ததும் என்னை அறியாமலே என் கால் அழுந்திவிட்டது. போட்டி போடும் எண்ணம் எதுவும் இல்லை. பக்கத்து வண்டியின் வேகத்தோடு நம் கால் தானாகவே சேர்ந்துகொள்ளும். எதிரே ஒரு பேருந்து வந்தது. அவரால் பின்வாங்கவும் முடியவில்லை, முன்னேறவும் முடியவில்லை. பேருந்து ஓட்டியவர் ஓரத்தில் இறங்கியதால்தான் எல்லோரும் உயிரோடு வீடு போனோம். ஒதுங்கி நிறுத்திய பிறகு என் கை வெகுநேரம் நடுங்கியது. பின்னாளில் கற்றுக்கொடுக்கிறவளாக ஆனதற்கு அந்த மாலையும் ஒரு காரணம்.

கணக்கைப் பாருங்கள். நீங்கள் 70ல் போகிறீர்கள், அவர் 100ல் தாண்டுகிறார். உங்களுக்கு 30 மீட்டர் பின்னாலிருந்து கிளம்பி, 30 மீட்டர் முன்னால் போய்ச் சேர வேண்டும். இரண்டு காரின் நீளத்துக்கு ஒரு 10 மீட்டர். ஆக உங்களைவிட அவர் 70 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். இருவருக்கும் உள்ள வித்தியாசம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் அதற்கு எட்டரை வினாடி பிடிக்கும். அந்த நேரத்தில் அவர் சாலையில் கிட்டத்தட்ட 235 மீட்டர் போயிருப்பார். எதிரே வருபவரும் 100ல் வந்தால் அவரும் அதே தூரம் வந்திருப்பார். எனவே தொடங்கும்போதே எதிரே அரைக் கிலோமீட்டர் வெறுமையாகத் தெரிய வேண்டும். இப்போது நீங்கள் 85க்கு ஏறிவிட்டீர்கள் என்று வையுங்கள். வித்தியாசம் பாதியாகிறது, நேரம் 17 வினாடியாகிறது, தேவைப்படும் வெற்றிடம் 940 மீட்டருக்கு நீள்கிறது. நம் மலைச் சாலைகளில் அவ்வளவு தூரம் நேராகத் தெரியும் இடம் எத்தனை இருக்கிறது? உங்கள் கால் அழுந்தியதால் அவருடைய சாலை பாதியாகச் சுருங்கிவிட்டது. அவருக்கோ அது தெரியாது.

மூன்று லேனாக அகலும் ஏற்றங்களிலும் இதே தவறு நடக்கிறது. வளைவில் 65ல் வந்தவர், அகலமான நேர்ச்சாலையைப் பார்த்ததும் 85க்குப் போய்விடுகிறார். பின்னால் வெகுநேரமாகப் பொறுத்து வந்தவர்களால் அங்கே தாண்ட முடிவதில்லை. லேன் மீண்டும் ஒன்றாகச் சேர்ந்ததும் இவர் பழையபடி 65. இதைப் போல வயிற்றெரிச்சலைக் கிளப்புவது வேறு இல்லை. பொறுமை இழந்தவர் அடுத்த முகட்டில் என்ன செய்வார் என்று நீங்கள் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். அப்படிப்பட்ட இடம் வந்தால் இடது லேனில் உங்கள் 65லேயே நிலையாகப் போங்கள். பின்னால் வருகிறவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அது.

யாராவது அசட்டுத் துணிச்சலில் தாண்ட வந்துவிட்டால், அவர் உங்கள் பக்கத்தில் இருக்கும்போது பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். அவரும் அந்த நொடியில் பயந்து பிரேக் போட்டு உங்கள் பின்னால் நுழைய நினைத்திருக்கலாம். இருவரும் சேர்ந்து வேகம் குறைத்தால் இருவரும் பக்கத்தில் பக்கத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். காலை மட்டும் எடுங்கள், நேராகப் பிடியுங்கள், இடது பக்கம் ஒட்டிப் போங்கள். அவருடைய வண்டியின் முகப்பு உங்களைத் தாண்டிவிட்டது, உள்ளே வரப் பார்க்கிறார் என்று தெரிந்த பிறகு பிரேக் போட்டு இடம் கொடுங்கள்.

கையை ஆட்டி "போ, போ" என்று காட்டும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். லாரிக்காரர்கள் இண்டிகேட்டர் போட்டு வழி சொல்வதைப் பார்த்து நம்மவர்களும் செய்கிறார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் உங்கள் கண்ணுக்குத் தெரியும் சாலையைக் கொண்டு இன்னொருவர் உயிருக்கு முடிவெடுக்க முடியாது. எதிர்பாராமல் ஒரு மண்பாதையிலிருந்து டிராக்டர் வலது பக்கம் திரும்பினால் அவர் நம்பியது உங்கள் கையை. ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டுவதும் வேண்டாம். அது எரியும்போது நீங்கள் இடது பக்கம் ஒதுங்க இண்டிகேட்டர் போட்டாலும் யாருக்கும் தெரியாது.

ஓவர்டேக் செய்கிறவர்களின் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்களும் சில நாள் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டியிருப்பீர்கள். முழுக்கோடு உங்கள் பக்கம் இருந்தால், டிராக்டர் 30ல் ஊர்ந்தாலும் தாண்டக் கூடாது. நின்றுபோன தடையைக் கவனமாகச் சுற்றிப் போவதற்குத்தான் விலக்கு. ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டி நின்ற தடை ஆகாது. முகடும் வளைவும் பார்வை மறையும் வேறு எந்த இடமும், கோடே போடாவிட்டாலும், தாண்டக் கூடாத இடம்தான். கரும்பு கொளுத்தும் நாளில் சாலையைக் கடக்கும் புகையையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். தாண்டும்போது மட்டும் 100ஐ மீறலாம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு சலுகை இல்லை.

அன்று மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் உங்கள் மனதில் ஓடியிருக்கும். உடம்பில் பட்ட காயத்துக்குச் சாலை விபத்து நிதியிடம் கோரலாம். காரின் சேதத்துக்கு அது பணம் தராது, அது உங்கள் காப்பீடு அல்லது எதிர்த்தரப்பின் பாடு. வழக்கு என்று போனால், 1956ஆம் ஆண்டின் நட்ட ஈட்டுப் பங்கீட்டுச் சட்டத்தின்படி யாருடைய தவறு எவ்வளவு என்று நீதிமன்றம் பிரித்துப் பார்க்கும். நீங்கள் 70ல் போனது அங்கே பெரிதாக நிற்காது என்பது என் எண்ணம். ஓவர்டேக் செய்யப்படும்போது வேகம் கூட்டினீர்கள் என்று ஒரு சாட்சி சொன்னால் அது நிற்கும். விபத்து நடந்த பிறகு இதற்கு வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

ஐயா, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது கடைசி வரி. போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எதிர் விளக்கு கூசுவதும், அதனால் இருட்டில் வேகம் குறைவதும் முதுகுவலியோடு சேர்ந்த விஷயம் இல்லை. இந்த வயதில் கண்புரை தொடங்கும்போது பலரும் முதலில் சொல்வது இதைத்தான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை லைசென்ஸ் அட்டை புதுப்பிக்கும்போது நடக்கும் கண் பரிசோதனையில் இது பிடிபடாமல் போகலாம். அங்கே நல்ல வெளிச்சத்தில் எழுத்து படிக்கச் சொல்வார்கள். இரவில் எதிரே ஒளி பாயும்போது உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதில்லை. அடுத்த பயணத்துக்கு முன் ஒரு கண் மருத்துவரைப் பாருங்கள். கூசுகிறது என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதுவரை இரவில் ஆர்614ல் ஓட்டாதீர்கள். இதை வேண்டுகோளாகவே கேட்கிறேன். இருட்டிய பிறகு அந்த விதி 298ஏ தரும் விலக்கும் உங்களுக்கு இல்லை என்பதை மறக்காதீர்கள். போன மாதம் உங்களைக் காப்பாற்றிய அந்த ஓரம் இரவில் சட்டப்படி மூடியிருக்கிறது. அங்கே கறுப்புச் சட்டையோடு ஒருவர் நடந்து வந்தால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

இருட்டில்தான் வர வேண்டும் என்ற நாள் வந்தால் என்3 நெடுஞ்சாலை வழியாக டர்பன் இறங்கி, என்2 நெடுஞ்சாலையைப் பிடித்து வாருங்கள். தூரம் கூடும், மாரியன்ஹில் சுங்கமும் கட்ட வேண்டும். ஆனால் எதிர்ப் போக்குவரத்து நடுவில் பிரிக்கப்பட்டிருக்கும், கூசுவது குறையும், யாரும் உங்களைத் தாண்ட எதிர் லேனுக்குப் போக மாட்டார்கள். லாரிகள் 80ல் வரும் சாலை அது. இடது லேனில் 70க்கும் 80க்கும் நடுவே நிலையாகப் போனால் போதும். இல்லையென்றால் மகள் வீட்டிலேயே தங்கிக் காலையில் கிளம்புங்கள். அதுதான் எனக்குப் பிடித்த வழி. அவருக்கும் பிடிக்கும்.

பகல் பயணத்துக்கு, டோங்காட்டிலிருந்து வார்ட்பர்க் வரை நீங்கள் ஒதுங்கக்கூடிய இடங்களை ஒருமுறை குறித்து வையுங்கள். பண்ணை வாசல், பெட்ரோல் நிலையம், கடை முன்னால் உள்ள மண்திட்டு, இப்படி. ஒதுங்குவதற்கு வெகுமுன்பே இடது இண்டிகேட்டர் போடுங்கள், முழுதாக வெளியே போய் நிறுத்துங்கள், எல்லோரும் போன பிறகு கண்ணாடியையும் தோளுக்குப் பின்னாலும் பார்த்துவிட்டு ஏறுங்கள். பயணம் முழுவதற்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கூடும். அந்த நேரத்தில் உங்கள் வீட்டு அம்மா இறங்கி முதுகை நிமிர்த்திக்கொள்ளலாம், அவருக்கு அது நல்லதும்கூட.

பெரிய வெள்ளிக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயில் பூக்குழி பார்க்கப் போவதாக இருந்தால், முந்திய நாளே போய்விடுங்கள். ஏப்ரலில் மாலை 6 மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும், அந்த வார இறுதியில் நாடு முழுவதும் சாலையில்தான் இருக்கும். திரும்புவது சனிக்கிழமை காலை, சிற்றுண்டி முடிந்த பிறகு.